அடமானத்தில் போன பள்ளிக்கூட டிரம்

அந்த வாளித் தண்ணீர் நியாயமாக என் தலையில்தான் விழுந்திருக்க வேண்டும். செருப்புக்குள் புகுந்த கல்லை உதறுவதற்காக மைக்கை வேல்முருகன் சார் கையில் திணித்துவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து தண்ணீர் இறங்கியது. கழுத்தில் டிரம்மும் கையில் மைக்குமாக நின்றிருந்த மனிதர் தலை முதல் கால்வரை நனைந்துபோனார். டிரம்கூட ஒருமுறை தானாக ஒலித்து அடங்கியது.

பள்ளி திறந்த புதிது. ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெரு. இரண்டு பக்கமும் மாடி வைத்த லைன் வீடுகள். கதவுக்கு ஒரு குடும்பம், கொடிக்கு ஒரு கம்பெனிச் சட்டை. எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பேரணி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். முன்னால் பேனர், அதன் பின்னால் சீருடையில் பிள்ளைகள், நடுவில் டிரம், அதற்குப் பக்கத்தில் தலைமையாசிரியை என்ற கௌரவத்தோடு நான்.

நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெண். நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு, கையில் காலி வாளி. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"அறிவு இருக்கா ஒங்களுக்கு? நைட் ஷிப்டு முடிச்சு வந்து இப்பதான் கண்ண அசந்தேன். பத்து மணிக்கு டிரம்மு அடிச்சுக்கிட்டு வாரீங்க. மனுசன் தூங்குத நேரமா இல்லையா இது?"

ஊர் அடங்கிய நேரத்தில் சத்தம் போட்டவளிடம் கேட்பதுபோல் கேட்டாள். பட்டப்பகலில் தூக்கத்தைக் கெடுத்ததாக நான் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

அவள் பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறவள். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு அவர் எப்போதாவது வரும் விருந்தாளி. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விவரங்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாளி மட்டும்தான்.

தலைக் கணக்கு

நாங்கள் ஏன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளியில் எல்லாமே தலைக் கணக்குதான். இத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று ஒரு விகிதம் உண்டு. ஆகஸ்டு பிறக்கும்போது பதிவேட்டில் எத்தனை தலை இருக்கிறதோ, அதற்குத் தகுந்த ஆசிரியர்கள்தான் அந்த ஆண்டுக்கு. தலை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகிவிடுவார். உபரி ஆனவரை ஆசிரியர் பற்றாக்குறை உள்ள வேறு பள்ளிக்குத் தூக்கிப் போடுவார்கள். இதற்குப் பணி நிரவல் என்று கௌரவமான ஒரு பெயர் இருக்கிறது.

சாக்பீஸ், துடைப்பம், பினாயில் வாங்க வருகிற பள்ளி மானியமும் இதே தலைக் கணக்கைப் பார்த்துத்தான் வரும். பிள்ளை குறைந்தால் பினாயிலும் குறையும். பினாயில் குறைந்தால் வாசம் கூடும். அந்த வாசத்தைப் பார்த்துவிட்டு, சேர்க்க வந்த ஒரு அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனதை நானே கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பள்ளியில் நான், கிரேஸ் டீச்சர், வேல்முருகன் சார் என்று மூன்று பேர். அந்த வருடம் நாலைந்து பிள்ளைகள் குறைந்தன. மூவரில் ஒருவர் உபரி. கடைசியாகச் சேர்ந்தவர் வேல்முருகன் சார், ஆகவே அவர்தான். மணிமங்கலத்திலிருந்து பைக்கில் வந்து போகிறவர். மனைவிக்கு ஏழாம் மாதம். மாற்றல் வந்தால் மாவட்டத்தின் மறுகோடி. இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ.

அவர் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தி பாதி நாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவள். அது நான்தான். மிச்சமிருக்கும் கிரேஸ் டீச்சர் ஒருவரே ஐந்து வகுப்பையும் மேய்க்கிற பள்ளிக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவருவார்கள்? அடுத்த வருடம் இன்னும் குறையும். அதற்கடுத்து கதவில் பூட்டு. இந்தப் பயத்தில் எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

சனிக் கிரகத்தில் பின்னக் கணக்கு

இத்தனை கம்பெனி சுற்றிலும் இருக்கிறதே, உதவ மாட்டார்களா என்று கேட்பீர்கள். உதவுகிறார்கள், நன்றாகவே உதவுகிறார்கள். நமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட இளைஞர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கு வண்ணம் அடிக்கப் போகிறோம் என்றார்கள். ரொம்ப சந்தோஷம் என்று சாவியைக் கொடுத்துவிட்டு நான் ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஐந்தாம் வகுப்பில் சூரியக் குடும்பம் மின்னியது. அழகு என்றால் அப்படியொரு அழகு. கரும்பலகையைத்தான் காணவில்லை.

கரும்பலகை சுவரோடு சேர்த்துப் பூசிய பழைய வகை. அதன் மேலேயே சனிக் கிரகம் வளையத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வேல்முருகன் சார் பின்னக் கணக்கை அந்த வளையத்துக்குள்தான் போட்டார். "வளையத்துல பாதிய சாக்பீஸால மறைச்சா, மீதி எவ்ளோ?" என்று அவர் கேட்டால் பிள்ளைகள் சரியாகச் சொல்லும். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குப் பின்னம் என்றால் பயமே இல்லை. அவரை நான் விட மாட்டேன் என்று அடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கம்பெனி குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கொடுத்தது. எங்களுக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு கிடையாது. மூன்றாவது கம்பெனி ரோபோ செய்கிற பெட்டி ஒன்றை ரிப்பன் வெட்டிக் கொடுத்தது. நான் அந்த அதிகாரியைத் தனியாக அழைத்துப்போய், பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டேன்.

அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "தாழ்ப்பாள்லாம் ரொம்பச் சின்ன ஐட்டம் மேடம். போட்டோல தெரியாது."

வாங்கியதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, இருப்புப் பதிவேட்டில் 'இருப்பில் உள்ளது, நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிடுவேன். வெளியே எடுக்காத பொருள் நல்ல நிலையில் இல்லாமல் எங்கே போகும்? தாழ்ப்பாளைப் படப்பைக் கடைவீதியில் நானே வாங்கி மாட்டினேன்.

மைக்கில் போன வாக்கு

தெருவுக்கு வருவோம். வேல்முருகன் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தூக்கம் கலைந்த முகங்கள் எட்டிப் பார்த்தன. கூட்டம் கூடிவிட்டதே, விடக் கூடாது என்று மைக்கைப் பிடுங்கி மனப்பாடமாக வைத்திருந்த பட்டியலை ஒப்பித்தேன்: கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், சீருடை இலவசம், பை, செருப்பு, வண்ணப் பென்சில், காலையில் உணவு, மதியம் முட்டையோடு உணவு.

இசக்கி படியில் இறங்கி வந்தாள். பின்னால் ஒரு சிறுமி, கையில் போன். இரண்டாம் வகுப்பு வயது. பெயர் ஹரிணி என்று அப்புறம் தெரிந்தது.

"எல்லாம் சரி டீச்சர். பகல் ஷிப்டு வாரத்துல எனக்கு விடியமுன்ன பஸ்ஸு. ஒங்க பள்ளிக்கூடம் ஒம்பது மணிக்கு. நடுவுல எம்புள்ளய யாரு பாத்துக்கிடுவா? நீங்க குடுக்க பென்சிலா பாத்துக்கிடும்?"

"எங்க சேத்திருக்கீங்க பாப்பாவ?"

"தனியார் பள்ளிக்கூடந்தான். அவன் வேன் வெள்ளன வந்துரும். பாடம் நல்லாருக்கா, இங்கிலீஷ் நல்லாருக்கான்னு எனக்கு என்ன தெரியும்? வேன் நல்லாருக்கு. போன வருசத்தோட பள்ளிக்கூடத்தையும் வேனையும் நிறுத்திட்டேன், பணம் கட்ட முடியல. இப்பம் வீட்ல பூட்டிட்டுப் போறேன்."

கடைசி வாக்கியத்தை அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். பேனரில் இருந்த சிரிக்கும் குழந்தைப் படத்தைச் சுருட்டி வைத்துவிடலாம் போல் எனக்கு இருந்தது.

அப்போதுதான் ஈரம் சொட்டச் சொட்ட நின்ற வேல்முருகன் சார் என் கையிலிருந்த மைக்கைத் தன் வாய்க்கு இழுத்தார்.

"ஆறு மணிக்குக் கொண்டாந்து வுடுங்க. நான் பாத்துக்கறேன்."

மைக்கில் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. எதிர் மாடியில் ஒரு பெண் "நெசமாவா சார்?" என்றாள். அவர் மறுபடியும் மைக்கிலேயே "நெசமாத்தான்" என்றார். தலைமையாசிரியை என்று ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இசக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவர் கழுத்திலிருந்து டிரம்மைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். சொன்னபடி பாத்துக்கிடுங்க, திருப்பித் தாரேன்."

விளையாட்டு விழா அணிவகுப்புக்கென்று பள்ளிக்கு வந்த அரசாங்க டிரம் அது. என் கண்ணெதிரே படியேறி மாடிக்குப் போய்விட்டது. பேரணி சத்தமில்லாமல் பள்ளிக்குத் திரும்பியது.

ஏ ஷிப்டு, ஜெனரல் ஷிப்டு

அடுத்த திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. காலை உணவு சமைக்கிற தேவகி.

"டீச்சர், இன்னா இது? கேட்டாண்ட புள்ளைங்க உக்காந்துகினு கீது. ஒண்ணு ரெண்டு இல்ல. பாதி தூங்கினு கீதுங்க. நான் உப்புமாக்கு வெங்காயம் அரியறதா, இதுங்களப் பாக்கறதா?"

"சார் வரலையா?"

"வந்துகினு கீறாராம். பைக்கு பஞ்சராம்."

படப்பையில் ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது வேல்முருகன் சார் பாய் விரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பறையில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கின. ஹரிணி மட்டும் விழித்திருந்தாள். சூரியக் குடும்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சனிக்கு ஏன் சார் பாதி வளையம் இல்ல?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைப் பாடத்தை யாரும் அழிக்கவில்லை.

கிரேஸ் டீச்சர் கொதித்துப்போனார். "நாம டீச்சருங்களா, பால்வாடி ஆயாவா மேடம்?" என்றார். ஆனால் அந்த வாரக் கடைசியில் தன் வீட்டிலிருந்து இரண்டு போர்வை கொண்டுவந்தவரும் அவர்தான். எங்கள் பேச்சே கம்பெனிப் பேச்சாக மாறிவிட்டது. விடியற்காலை வருகிறவர் ஏ ஷிப்டு, ஒன்பது மணிக்கு வருகிறவர் ஜெனரல். "நாளைக்கு நான் ஏ ஷிப்டு, நீங்க ஜெனரல்" என்று கிரேஸ் டீச்சர் சொல்ல, "அப்ப எனக்கு ஓடி உண்டா மேடம்?" என்று சார் என்னைக் கேட்பார். ஓவர்டைமுக்கு உப்புமா தருகிறேன் என்பேன்.

செய்தி தெருத்தெருவாகப் பரவியது. வேன் பிள்ளைகள் வந்தன, பூட்டிய வீட்டுப் பிள்ளைகள் வந்தன. பதிவேடு நிரம்பியது. உபரி என்ற சொல்லை நான் மறந்தே போனேன். பள்ளிக்கூடம் நடத்துவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அந்த நினைப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் இறங்கியது. கேட்டில் ஒரு பிள்ளைகூட இல்லை. ஒன்பதரைக்கும் வகுப்பு பாதி காலி.

லைன் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் ஒரே கம்பெனி. ஷிப்டு மாறினால் தெருவே மொத்தமாக மாறும். அது நைட் ஷிப்டு வாரம். நைட் வாரத்தில் பிள்ளைகள் ஷிப்டு இல்லாத ஏதாவது ஒரு பக்கத்து வீட்டில் படுக்கும். காலையில் அம்மா வந்து சாய்ந்ததும் ஓடிப்போய் அவள் அருகில் படுத்துக்கொள்ளும். எழுப்பி, குளிப்பாட்டி, அனுப்ப யாரும் விழித்திருக்க மாட்டார்கள். பகல் ஷிப்டு வாரம் வந்ததும் மறுபடியும் விடியற்காலையில் கேட்டில் கூட்டம். எங்கள் பள்ளிக்கூடத்தின் மாணவர் எண்ணிக்கையைக் கம்பெனியின் ஷிப்டு அட்டவணைதான் தீர்மானித்தது.

அதிகாரியும் ரோபோவும்

வருகைப் பதிவு செயலி வழியாகத் தினமும் மேலதிகாரிகளுக்குப் போகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஜூலை முடிகிற தறுவாயில் வட்டாரக் கல்வி அலுவலர் போன் செய்தார். நல்ல மனிதர், சர்க்கரை போடாத டீ குடிப்பவர்.

"ஒரு வாரம் பள்ளி நிரம்பி வழியுது, மறு வாரம் காலியா இருக்கு. இல்லாத பிள்ளைங்கள எழுதி வைச்சிருக்கீங்களாம்மா?"

"இல்ல சார், எல்லாம் உயிரோட இருக்கிற பிள்ளைங்கதான்."

"அப்ப நேர்ல பாத்துடறேன். நான் பாக்காத பேரு பதிவேட்டுல இருக்காது."

மறுநாள் காலையே வந்து இறங்கினார். நைட் ஷிப்டு வாரம். வகுப்பில் பாதி பெஞ்சு வெறுமை. வேல்முருகன் சார் முகம் வெளுத்துப் போயிருந்தது. வராண்டாவில் என் பக்கம் வந்து, "பரவால்ல மேடம். ரெண்டு பஸ்ஸுதான்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அப்படித் தேற்றியது எனக்கு அழுகையைக் கிளப்பிவிட்டது.

சமையல்கட்டுக்குள் புகுந்து இசக்கிக்குப் போன் போட்டேன். முழு ரிங்கும் போய், இரண்டாவது தடவை எடுத்தாள்.

"இசக்கி, அதிகாரி வந்திருக்காரு. பிள்ளைங்கள நேர்ல பாக்கணுமாம். பாக்கலன்னா பேர எடுத்துருவாங்க. வேல்முருகன் சார மாத்திருவாங்க."

நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது. "மணி என்ன டீச்சர்?"

"பத்து."

"பத்து மணிக்குப் பொழுது போகலன்னா நாந்தான் கெடச்சேனா ஒங்களுக்கு?" என்றாள். இணைப்பு அறுந்தது.

நான் வெளியே வந்து சிரித்த முகத்தோடு, "வாங்க சார், எங்க பள்ளியோட வளங்களையெல்லாம் காட்டறேன்" என்றேன். வேறு வழி தெரியவில்லை. சூரியக் குடும்பத்தைக் காட்டினேன். வியாழனின் நிலவுகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். குழாய் இல்லாத குடிநீர் இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காட்டினேன். கழிப்பறைத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து காட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். கடைசி அஸ்திரமாகப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ரோபோப் பெட்டியை எடுத்தேன்.

அதில் அவர் விழுந்துவிட்டார். "நானே செஞ்சு பாக்கட்டுமா?" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இருந்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டார். ரோபோ முன்னால் போகச் சொன்னால் பின்னால் போய் அவர் கால்விரலிலேயே முட்டியது. கழற்றி மறுபடி மாட்டினார். கடவுளே, இந்த மனுஷனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவே வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது.

அதிகாரி தலை தூக்கினார். டிரம் சத்தம். தாளம் கன்னாபின்னாவென்று இருந்தது. ஆனால் நெருங்கிக்கொண்டே வந்தது. வேல்முருகன் சார் கேட்டுக்கு ஓடினார்.

முன்னால் இசக்கி. அதே நைட்டி, அதே துண்டு, தோளில் எங்கள் டிரம். பின்னால் தெருவே வந்தது. தலை வாராத பிள்ளைகள், சட்டையைத் திருப்பிப் போட்ட பிள்ளைகள், வாயில் பேஸ்ட் நுரையோடு ஒன்று. லுங்கி கட்டிய அப்பாக்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தாங்களும் பாதித் தூக்கத்தில் நடந்து வந்தார்கள்.

அதிகாரி ரோபோவைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். "இவங்க எல்லாருமே இங்கதான் படிக்கறாங்களா?"

"தூங்குத நேரத்துல ஊரான் புள்ளயவா எழுப்பிக் கூட்டியாருவேன்? வெரசா எண்ணுங்க சார். நான் போய்ப் படுக்கணும்."

அவர் எண்ணினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொன்றும் கண்ணைக் கசக்கிக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்றது. சந்தேகம் தீரவில்லையோ என்னவோ, ஹரிணியிடம் குனிந்து, "உங்க சார் யாரும்மா?" என்று கேட்டார்.

ஹரிணி வேல்முருகன் சாரைக் கைகாட்டினாள். "ஆறு மணி சார்."

சார் சட்டென்று ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே எழுத ஒன்றும் இல்லை. வெறும் சனிக் கிரகம்தான் இருந்தது.

பயன்பாட்டில்

வேல்முருகன் சார் உபரி ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி கிளம்பும்போது, "நைட்டு வாரத்துக்கு ஒரு வழி பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வழியை இசக்கியே சொன்னாள். "கம்பெனி பஸ்ஸு எங்கள ஏழு மணி வாக்குல எறக்கி விடுது. எறங்குன கையோட டிரம்ம அடிச்சு எழுப்பிக் கூட்டியாந்து புள்ளைகள விட்டுருதேன். இங்கயே பல்ல வெளக்கி உப்புமா தின்னட்டும். அதுக்கப்புறம் நிம்மதியாத் தூங்குவோம்."

வேல்முருகன் சார் தயங்கித் தயங்கி டிரம்மைப் பார்த்தார். "அக்கா, நான் சொன்னபடி பாத்துக்கினேன் இல்ல? அது..."

இசக்கி டிரம்மைத் தோளில் நன்றாக ஏற்றிக்கொண்டாள். "வேணும்னா வந்து வாங்கிக்கிடுங்க சார். பத்து மணிக்கு மட்டும் வராதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கேட்டைத் தாண்டும்போதே அவளுக்கு அடுத்த கொட்டாவி வந்துவிட்டது.

இப்போதும் ஆண்டுதோறும் தணிக்கைக்கு வருகிறவர்கள் இருப்புப் பதிவேட்டை விரித்து வைத்துப் பொருள்களைக் கேட்பார்கள். குடிநீர் இயந்திரம் என்பார்கள். இருப்பில் உள்ளது என்று பீரோவைக் காட்டுவேன். ரோபோப் பெட்டி என்பார்கள், இருப்பில் உள்ளது. டிரம் ஒன்று என்று இருக்கிறதே, அது எங்கே அம்மா என்பார்கள்.

அது பயன்பாட்டில் உள்ளது சார் என்பேன்.